பரிமளம் வீட்டு நம்பர்

குழாயில் முதலில் காற்றுதான் வந்தது. புஸ்ஸென்று செருமி, செம்மண் கலரில் கொஞ்சம் துப்பி, அப்புறம் மனசில்லாமல் நல்ல தண்ணீர் நூல் கணக்காக இறங்கத் தொடங்கியது. இந்த வேகத்தில் ஒரு குடம் நிறைவதற்குள் மனுசன் பிறந்து வளர்ந்து கல்யாணமும் பண்ணிக்கொண்டுவிடலாம் என்று நினைத்தார் திருமூர்த்தி. கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் ஐம்பதைத் தாண்டிவிட்ட ஆள் நினைக்கிற நினைப்பா இது என்று அவருக்கே சிரிப்பு வந்து, பாதியில் நின்றும் போனது. குழாயைக் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள் இந்த வீட்டுக்காரன். லைன் வீட்டில் இத்தனை வாசல் இருக்க, பரிமளம் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. இத்தனை மாசமாக அவர் காம்பவுண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டுதான் தண்ணீர் பிடிக்கிறார். பிடரியில் கண்ணிருந்தால் அதையும் மூடிக்கொண்டிருப்பார். இன்றைக்குத்தான் ஜன்னலைப் பார்த்து நிற்கிறார். ஜன்னல் திட்டில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ரோஸ் கலர் உறை போட்ட அவளுடைய போன் சார்ஜில் கிடக்கிறது. அது அடிக்கப்போகிறது. அடித்தால் அவருக்குத்தான். அவர் போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். நேற்றுச் சாயங்காலம் டீக்கடையில் பரிமளத்தின் புருசன் சின்னராசு கிளாஸைக் கையில் வைத்து ஆற்றிக்கொண்டே சொன்னான்: “ஏனுங்ண்ணா, ஊட்ல உங்களுக்கொரு சேதி சொல்லச் சொன்னா. உங்க தம்பி இருக்கற காப்பகத்துல இருந்து போன் வந்துச்சுங்களாமா. இப்ப நல்லா இருக்காராமா. கூட்டிட்டுப் போறதுன்னா கூட்டிட்டுப் போலாமாமா. இல்லீனா வேற ஊருக்கு, காலத்துக்கும் வெச்சுப் பாத்துக்கற எடத்துக்கு அனுப்பிருவாங்களாமா. நாளைக்குக் காத்தால கூப்புடறாங்களாம், ரெண்டுல ஒண்ணு நீங்கதான் சொல்லோணுமாமா.” அவன் டீ ஆறிவிட்டது, குடித்துவிட்டுப் போய்விட்டான். அவருக்கு வாங்கிய டீ மேசையிலேயே இருந்தது.

காலத்துக்கும். அந்த ஒரு வார்த்தை ராத்திரி முழுக்கத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ரெண்டுல ஒண்ணு. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதிலென்ன. கேஸ் புக் பண்ணுகிற போனில்கூட அப்படித்தான் கேட்பார்கள், ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று. அழுத்தத்தான் அவரிடம் எதுவும் இருந்ததில்லை. எல்லாவற்றுக்கும் பி.பி. நம்பர்தான். அந்தக் காலத்தில் விசிட்டிங் கார்டிலேயே அடித்திருப்பார்களே, பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு அதன் வாலில் பி.பி. என்று, அந்த வழக்கம் ஊரில் செத்து வெகுநாள் ஆகியும் திருமூர்த்தி ஒருத்தர் மட்டும் அதைச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டுக்குப் பரிமளம் வீட்டு நம்பர். பேங்குக்குப் பரிமளம் வீட்டு நம்பர். ஆதாருக்கு, கேஸுக்கு, கரண்டு பில்லுக்கு, அவர் வேலை பார்க்கும் நூல் குடோனில் கேட்டால் அங்கேயும். அந்தப் பத்து எண்ணையும் அவர் சாமி பேரைச் சொல்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பரிமளத்துக்கே தன் நம்பர் ஒருதரம் மறந்துபோய் இவரைக் கேட்டிருக்கிறாள். பேங்கில் அந்தப் பெண், “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்” என்பாள்; இவர் கவுண்டர் போனை வாங்கிப் பரிமளத்தைக் கூப்பிடுவார்; அவள் மாவு அரைத்த கையோடு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்வாள்; அதற்குள் ஓடிபி செத்துப்போகும். மறுபடி ஒன்று அனுப்பச் சொல்லி, பேங்கில் பின்னால் நிற்கிறவர்கள் முறைக்க, ஒரு கல்யாண மண்டபத்து வேலை நடக்கும். அத்தனைக்கும் அவருக்குள்ளே ஒரு பெருமை. போனில்லாமல் ஒரு மனுசன் கவருமெண்டையே சமாளிக்கிறான் பார் என்று. பெருமையாம் பெருமை. அடுத்தவள் காலைத் தேய வைத்துவிட்டு நாம் நடக்கவில்லை என்று பெருமை. குடத்தில் கால்வாசிகூட ஏறவில்லை; அடியில் சலசலவென்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்குள் எண்ணெய் காய்கிற வாசம் வந்தது. கடுகு வெடித்தது. பரிமளத்தின் கை மட்டும் தெரிந்தது, கண்ணாடி வளையல் போட்ட கை. பேச்சு முறிந்த அன்றைக்கும் இந்தக் கையில்தான் தோசைத் திருப்பி இருந்தது. மத்தியானம், அவர் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறார், அவள் ஒரு கையில் போனும் ஒரு கையில் தோசைத் திருப்பியுமாக ஓடி வந்தாள், மூச்சு வாங்க. “பேங்க்ல இருந்துங்ண்ணா, அவசரமாமா.” வாங்கிக் காதில் வைத்தால் ஒரு பெண்பிள்ளை குயில் மாதிரி, சார் உங்களுக்கு லோன் வேணுமா என்கிறாள். அங்கே அவள் அடுப்பில் தோசை தீய்ந்து லைன் முழுக்கப் புகை. அவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும். ஆனாலும் எரிச்சலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதுதான் வினையாகப் போயிற்று. “ஏனுங்ண்ணா, ஒரு நாளைக்கு எத்தன தடவ ஓடியாறது? ஒரு போனு வாங்கிக்கப்படாதுங்களா? மனுசங்க வேண்டாம்னு இருந்தாக்கூடக் கவருமெண்டுக்கு வேணுமுங்களே.” வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வேறொருத்தர் என்றால் கூடச் சேர்ந்து சிரித்திருப்பார். இவருக்கு ரசம் கையெல்லாம் வழிய, மனுசங்க வேண்டாம்னு இருந்தாக்கூட என்கிற இடத்தில் மட்டும் சுருக்கென்று தைத்தது. இவளுக்கு எப்படித் தெரியும்? அத்தனை வருசமாக “ஏம்மா” “கண்ணு” என்று பேசிய வாயால், “இனி உங்க ஊட்டுக்கு எனக்கு ஒரு போனும் வராதுங்க” என்று மரியாதை போட்டுச் சொன்னார். மரியாதையில் அடித்தால் காயம் வெளியே தெரியாது. அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

வீறாப்பு வந்துவிட்டால் திருமூர்த்திக்குக் கால் தரையில் நிற்காது. மறுநாளே குடோனுக்கு லீவு சொல்லிவிட்டு கேஸ் ஆபீஸ், பேங்க், தாலுகா ஆபீஸ் என்று சுற்றினார். எல்லா இடத்திலும் பரிமளம் நம்பரை எடுத்துவிட்டு முக்கு ஜெராக்ஸ் கடைக்காரன் நம்பரைப் போட்டார். நம்பரை மாற்றுவதற்கே பழைய நம்பருக்கு ஓடிபி வரும் என்றார்கள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. சின்னராசுவைப் பிடித்து, அவன் மூலமாக அவளைக் கேட்டு, அவளும் ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை எண்ணையும் சொல்லி அனுப்பினாள். தன்னை வெட்டிவிடுவதற்கு அவள் கையையே வாங்கி வெட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரன் நல்லவன்தான், ஆனால் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போவான். கேஸ்காரன் கூப்பிட்டுப் பார்த்து ஆளில்லை என்று சிலிண்டரைத் திருப்பிக்கொண்டு போவான். ஒரு வாரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். குடித்தாலும் குடிப்பேன், அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அப்படி ஊரெல்லாம் சுற்றி ஒன்று விடாமல் மாற்றியவர், ஓர் இடத்தில் மட்டும் மாற்றவில்லை. தம்பி சென்னியப்பன் இருக்கும் காப்பகத்தில். மறந்துதான் போச்சு. கோயமுத்தூர் தாண்டிப் போக வேண்டும், பஸ் மாற வேண்டும், வேலை நெருக்கடி, அப்புறம் மழை, அப்புறம் மறந்துதான் போச்சு. ரேஷன் கார்டை மறக்காதவனுக்குத் தம்பி மறந்து போச்சா? மறந்துதான் போச்சு என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது. இனிமேல் போகாத ஒரு வீட்டின் நம்பரில் தம்பியை விட்டுவிட்டு வந்தால், அவன் கூப்பிட்டாலும் கேட்காது, கேட்காததற்கு அவர் பொறுப்பும் இல்லை. இதை அவர் யோசித்துச் செய்தாரா என்றால் இல்லை, சத்தியமாக இல்லை. யோசிக்காமலே இவ்வளவு பக்குவமாகச் செய்ய முடியுமா என்று நினைத்தபோது முழங்காலுக்குக் கீழே சிலிர்த்தது, தண்ணீர் தெறித்ததாலும் இருக்கலாம்.

ஏனென்றால் அவரிடமும் ஒரு காலத்தில் போன் இருந்தது. லைனில் ஒருத்தருக்கும் தெரியாது. இங்கே குடிவருவதற்கு முன்னால், கறுப்பு பட்டன் போன். தம்பிக்குப் புத்தி பேதலித்துக் காப்பகத்தில் சேர்த்த புதிதில் அங்கிருந்த வார்டன் நல்ல மனுசன், கேட்கும்போதெல்லாம் போன் போட்டுக் கொடுப்பார். “அண்ணா, எப்ப வருவே?” அவ்வளவுதான். வேறு பேச்சே கிடையாது. சாப்டியாடா என்றால், சாப்டேன், எப்ப வருவே. தூங்கினியாடா என்றால், ம், எப்ப வருவே. வாரேண்டா, வாரேண்டா. குடோனில் நூல் பொதி எண்ணும்போது அடிக்கும், பஸ்ஸில் அடிக்கும், சோற்றில் கை வைக்கும்போது அடிக்கும். அடிக்காத நேரத்திலும் பாக்கெட்டில் அது அதிர்கிற மாதிரியே இருக்கும். ஒரு நாள் பழனி போகிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, ஊருக்குப் பேச வேண்டும் என்று ஒரு வடநாட்டுப் பையன் கேட்டான். கொடுத்தார். பேசி முடித்துத் திருப்பி நீட்டியபோது, வெச்சுக்கப்பா என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்தப் பையன் பஸ் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தான். தம்பிதான் ஓடி வருகிறான் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னது வேறு: போன் வைத்தால் தலைவலி, அந்தக் கதிர் மூளைக்கு ஆகாது, நம் தாத்தன் பாட்டன் எல்லாம் போன் வைத்தா வாழ்ந்தான். ஆள் கொள்கைக்காரர் என்று ஊர் நம்பியது. நாள்பட நாள்பட அவரே நம்பிவிட்டார். காப்பகத்துக்குப் பரிமளம் நம்பரைக் கொடுத்தது எதற்கு? அவசரத்துக்கு ஆகட்டும் என்று. அப்படிக் கொடுத்தால், போன் வந்து, அவள் ஓடி வந்து, இவர் எழுந்து போவதற்குள் லைன் கட்டாகிவிடும். பாதி நாள் அப்படித்தான் கட்டானது. கட்டானதும் அவர் விட்ட மூச்சு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

குடம் நிறைந்து வழிந்தது. எடுத்து வைத்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? முடியாதுங்க, எனக்கும் வயசாச்சுங்க, தனிக்கட்டைங்க, ஒரு ரூம்தானுங்க. எல்லாம் நிஜம். வந்தால் என்ன ஆகும்? முன்னே மாதிரி நடு ரோட்டில் போய் நின்று லாரியை நிறுத்துவானா? மாத்திரையைத் துப்பிவிட்டு ராத்திரியெல்லாம் சுவரோடு பேசுவானா? வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது? பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் தம்பி எப்படி என்றுதான் முதலில் கேட்டார்கள், மாப்பிள்ளை எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் இருந்தது, ரொம்ப நாள் இருந்தது, இப்போது தடவிப் பார்த்தால் அதையும் காணோம். அவன் என்ன, வேண்டுமென்றா செய்தான்? சின்னப் பிள்ளையில் அம்மா செத்த வீட்டில் இவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தான், பசிக்குது என்றுகூட இவர் காதில்தான் ரகசியமாகச் சொன்னான். கடைசியாகப் பார்த்தது எப்போது? போன தீபாவளிக்குப் போகவில்லை. அதற்கு முந்தின தீபாவளிக்குப் போனார், வேட்டியும் முறுக்கும் வாங்கிக்கொண்டு. அவன் முறுக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை. எப்ப வருவே என்று கேட்காமலிருந்தது அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. படுபாவி, நிம்மதியாக இருந்ததடா உனக்கு. காலத்துக்கும் என்றால் சாகிற வரைக்கும். அங்கே செத்தால் யாருக்குப் போன் போடுவார்கள்? பரிமளத்துக்கு. அவள் தோசைத் திருப்பியோடு ஓடி வருவாள்.

யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளின மாதிரி திருமூர்த்தி நகர்ந்தார். குழாயை மூட வேண்டும் என்று தோன்றவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி போய்ப் பரிமளம் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்துதான் இருந்தது, அது தட்டிய பிறகுதான் தெரிந்தது. “வாங்ண்ணா” என்றாள், நேற்றும் வந்துவிட்டுப் போனவரைக் கூப்பிடுகிற மாதிரி. “உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?” அவர் உட்கார்ந்தார். மன்னிச்சுக்கம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், “எப்பக் கூப்புடுவாங்க?” என்று வந்தது. அவள் போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கி எடுத்துவந்து அவருக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள். “இப்ப வந்துருமுங்க. ஞாயித்துக்கெழமைன்னா அவரு கரெக்டா கூப்புட்டுருவாரு.” யாரு என்றார். “தம்பிதாங்க. வாராவாரம் பேசுவாருங்களே.” வாராவாரமா? “ஆமாங்க. உங்களக் கூப்புடச் சொல்லித்தான் மொதல்ல கேட்டாரு. நானும் வந்து சொல்லலாம்னு ரெண்டு மூணு தரம் வாசலுக்கு வந்தனுங்க, நீங்கதான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டீங்க. ஆளு இல்லீங்கன்னு சொல்லி வெக்க எனக்கு மனசு வரலீங்க. செரி நாமளே நாலு வார்த்த பேசுவோம்னு பேசுனேன். அப்படியே பழகிப்போச்சு. அங்க இட்லிக்குச் சாம்பார் நல்லா இருக்காதாமா, அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நல்லாப் பேசுவாருங்ண்ணா.” சிரிப்பானா? சென்னியா? அவன் சிரிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. “என்னக் கேப்பானா?” என்றார். பரிமளம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே ஒன்றும் கொதிக்கவில்லை. “இப்பெல்லாம் கேக்கறதில்லீங்க” என்றாள்.

போன் அடித்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல் அவர் கை அதன் மேலேயே நின்றது, பரிமளம்தான் திரையைத் தள்ளிவிட்டு அவர் காதில் வைத்தாள். காப்பகத்து அம்மா, நிதானமான குரல். “சென்னியப்பனோட அண்ணனுங்களா? விசயம் சொன்னாங்களா? என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?” ராத்திரியெல்லாம் கோர்த்து வைத்திருந்த முடியாதுங்க, தனிக்கட்டைங்க, ஒரு ரூம்தானுங்க எல்லாம் நாக்குக்கு வரவே இல்லை. “கூட்டிட்டு வந்தர்றனுங்க” என்றார். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. “இன்னைக்கேன்னாலும் கெளம்பி வாரனுங்க. வேற ஊருக்கு அனுப்பிப் போடாதீங்க.” அந்தம்மா, சந்தோசம், ஆனால் உங்கள் தம்பிக்கும் சம்மதம் இருக்கணுமே, பக்கத்தில்தான் இருக்கிறார், நீங்களே கேளுங்கள் என்றாள். வெளியே ஏதோ வழிகிற சத்தம். “அண்ணா, உங்க கொடம் ரொம்பிப் போகுது, நான் போயி அடைச்சுட்டு வாரேன்” என்று பரிமளம் எழுந்து போனாள். வேண்டுமென்றே போனாளோ என்னவோ. போன் கைமாறும் கரகரப்பு. “அக்கா” என்றது குரல். உற்சாகமாக இருந்தது. “அக்கா, இன்னைக்கும் அதே சாம்பாருதானுங்க்கா.” திருமூர்த்தி போனைக் காதோடு அழுத்தினார். “சென்னி. நாந்தாண்டா. அண்ணன்.” அந்தப் பக்கம் தூரத்தில் எங்கோ தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. “ஊட்டுக்கு வந்தர்றியாடா? நான் வந்து கூட்டிட்டு வரட்டுமா? இன்னைக்கே வாரேண்டா.” எத்தனையோ தரம் பொய்யாகச் சொன்ன அதே வாரேண்டா. “அக்கா இல்லீங்களா?” என்றான் தம்பி. “வெளிய இருக்கறாங்கடா. எங்கிட்டச் சொல்லு சாமி. வர்றியா?” “அக்காகிட்டக் கேக்கோணுமுங்க” என்றான், ஆபீஸில் தெரியாத ஆளிடம் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ங்க போட்டு. “அக்கா வரச் சொன்னா வாரேனுங்க. கொஞ்சம் அவுங்களக் கூப்புடறீங்களா?” கூப்புடறேன் சாமி, வெச்சுடாதே, வெச்சுடாதே என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். லைன் கட்டாகிவிடுமோ என்று பயந்து போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். வாசலில் அதற்குள் எல்லா வீட்டுக் குடங்களும் வந்திருந்தன, எல்லாரும் நின்றிருந்தார்கள். குழாயடியில் குனிந்திருந்த பரிமளத்தை நோக்கி, வேட்டி தடுக்க, அத்தனை பேர் பார்க்க ஓடினார். “பரிமளம், உனக்குத்தாம்மா போனு, சீக்கிரம் வா” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.